சித்தி பதினொன்னு நாப்பதுக்கு செத்துட்டா

ஒரு செல் நாப்பது நிமிஷம் தாக்குப்பிடிச்சா போதும், பொடிசுக்கு அன்னைக்கு சாப்பாடு தொண்டையில இறங்கும். இல்லன்னா தண்ணி கூட இறங்காது.

பொடிசுங்கறது வீட்ல வச்ச பேரு. வயசு இருபத்தாறு, ஆளும் வீட்ல இருக்கற எல்லாரையும் விட ஒரு சாண் உசரம். ஆனா கடைசியா பொறந்ததால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஊரை விட்டு இவ்ளோ தூரம் வந்து, தனியா ஒரு ரூம் எடுத்து, தானே துணி துவைச்சு மடிச்சு வச்சாலும் அவ பொடிசு தான்.

என்ன வேலைன்னு வீட்ல யார் கேட்டாலும் 'கம்ப்யூட்டர்ல மூளையைப் பாக்கற வேலை'ன்னு சொல்லி வச்சிருந்தா. முக்கால்வாசி உண்மை. எலியோட மூளையைக் காகிதம் மாதிரி மெல்லிசா சீவி, உப்புத் தண்ணியில போட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில வைக்கணும். அதுல உசிரோட இருக்கற ஒரு செல்லைத் தேடிப் பிடிச்சு, முனையே கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஊசியை அது மேல பூ வைக்கற மாதிரி வைக்கணும். ஊசியோட இன்னொரு பக்கத்துல ஒரு ரப்பர் குழாய். அதை வாயில கவ்விக்கிட்டு மெதுவா உறிஞ்சினா செல் ஊசியோட ஒட்டிக்கும். இன்னும் ஒரே ஒரு சின்ன உறிஞ்சல், உள்ள போக வழி திறந்துக்கும். அதுக்கப்புறம் அந்த செல் உள்ளுக்குள்ள பேசறது அத்தனையும் சாப்ட்வேர்ல கோடு கோடா ஓடும். பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர்ல டக்கு டக்குன்னு சத்தமாவும் கேக்கும்.

அந்த சாப்ட்வேருக்கு ஒரு மாமியார் குணம். செல்லுக்கு ஒரு பேர் கொடுக்காம ரெக்கார்ட் பட்டனைத் தொட விடாது. கொடுத்த பேரை அப்புறம் மாத்த விடாது. திரையோட வலது மூலையில ஒரு நம்பர் காட்டிக்கிட்டே இருக்கும்: ஊசிக்கும் செல்லுக்கும் நடுவுல வழி எவ்ளோ அடைச்சிருக்குங்கற கணக்கு. பதினஞ்சு, இருபதுன்னா நிம்மதி. முப்பதைத் தாண்டுச்சுன்னா மொத்த ரெக்கார்டிங்கையும் சிவப்பாக்கி ஓரமாத் தள்ளிடும். முப்பத்தொன்பதாவது நிமிஷத்துல தாண்டினாலும் சரி, கெஞ்சினாலும் சரி.

இதுல பொடிசோட கழுத்துக்கு மேல தொங்கினது என்னன்னா, அவளுக்கு ஒரு வருஷ வேலை தான். ரெண்டாவது வருஷத்துக்குக் கையெழுத்து வேணும்னா, மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள பத்து ரெக்கார்டிங் முழுசா, பச்சையா இருக்கணும்னு லேப் மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க. கோவமாச் சொல்லல. பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. பத்து இல்லன்னா மூட்டையைக் கட்ட வேண்டியது தான். இதை அவ வீட்ல மூச்சு விடல. "எல்லாம் பர்மனென்ட் மாதிரி தான்மா"ன்னு சொல்லி வச்சிருந்தா. அந்த 'மாதிரி'யைத் தான் ராத்திரியும் பகலும் தூக்கிக்கிட்டு சுத்தினா.

சரி, செல்லுக்குப் பேர் வைக்கற கதைக்கு வருவோம். ரெண்டு கையும் ஊசியை நகத்தற குமிழ்களைத் திருகிக்கிட்டே இருக்கும், எதையும் டைப் பண்ண முடியாது. அதுக்கு லேப்ல கருவிகளைப் பாத்துக்கறவர் ஒரு வழி பண்ணிக் கொடுத்தாரு. எப்பவும் காதுக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூடிரைவர் சொருகியிருப்பாரு, அதனால அவருக்குப் பேரு ஸ்க்ரூ. அவர் எழுதிக் கொடுத்த சின்ன ப்ரோக்ராம்ல, பொடிசு தன் போனைப் பாத்துப் பேசினா அது எழுத்தாகி, நேரத்தோட சேந்து சாப்ட்வேர்ல குறிப்பா விழும். வேலை பாக்கற ஊரோட பாஷையில அவ பேசினா போன் 'என்ன சொன்னே'ன்னு முழிச்சுது. தமிழ்ல பேசினா கடகடன்னு எழுதுச்சு. ஆனா தனியாச் சொல்ற ஒத்தை இலக்க நம்பர் தான் வரல. 'மூணு'ன்னா 'மூக்கு'ன்னு எழுதும். 'எட்டு'ன்னா 'எட்டி'ன்னு எழுதும். ஒரு வாரம் மூக்கு, எட்டின்னு பேர் வச்ச செல்லுங்களைப் பாத்து நொந்து போயி, ஒரு நாள் வாய் தவறி 'அத்தை'ன்னு சொன்னா. அச்சுப் பிசகாம எழுதுச்சு. வருஷம் பூரா வீட்டுக்கு வாயாலயே மெசேஜ் அனுப்பின போன் ஆச்சே, சொந்தக்காரங்களை மட்டும் நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்துச்சு.

வாய் தவறினாலும் பேர் பொருந்திப் போச்சு. அந்த செல்லை லேசாத் தூண்டி விட்டதும் நிறுத்தாம அடிச்சுது, டகடகடகன்னு, மூச்சு விடாம. அத்தை போன்ல பேசற மாதிரியே. அதுக்கப்புறம் பொடிசுக்கு வேற மாதிரி பேர் வைக்கவே மனசு வரல. எவ்ளோ தூண்டினாலும் ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை 'டக்'னு சொல்லிட்டு வாயை மூடிக்கற செல் அப்பா. ரொம்ப நேரம் சும்மா இருந்து, எல்லாரும் மறந்த அப்புறம் திடீர்னு முழிச்சுக்கற செல் மாமா. கொஞ்சம் பேசும், நிறுத்தும், யோசிக்கும், மறுபடி விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கும் ஒண்ணு. அது சித்தி.

இப்படியே ஏழு முழு ரெக்கார்டிங் சேந்துச்சு. ஒரு அத்தை கூட அதுல இல்ல. நிறுத்தாம அடிக்கற செல் சீக்கிரம் களைச்சுப் போயிடும், இருபத்தஞ்சு நிமிஷம் தாண்டினதே இல்ல.

கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கறப்ப எட்டாவதா ஒரு சித்தி கிடைச்சா. அருமையான சித்தி. நம்பர் பதினாறுல உக்காந்து அசையவே இல்ல. முப்பது நிமிஷம் போச்சு, முப்பத்தஞ்சு போச்சு. பொடிசு மனசுக்குள்ள எட்டுன்னு எழுதியே வச்சுட்டா. முப்பத்தாறாவது நிமிஷம் நம்பர் விறுவிறுன்னு ஏறுச்சு. பயந்து போயி குழாயில கொஞ்சம் உறிஞ்சினா. ஒரு இழை அதிகமாப் போச்சு. அவ்ளோ தான். கோடு செங்குத்தா விழுந்து தரையில படுத்துக்கிச்சு. ஸ்பீக்கர் கம்முன்னு ஆச்சு.

பொடிசு கண்ணு கலங்க, குமிழ்ல இருந்து கையெடுக்காமலே, தலையைத் திருப்பிப் போனைப் பாத்து எப்பவும் போல குறிப்பு சொன்னா:

"சித்தி செத்துட்டா. பதினொன்னு நாப்பது. இவ்ளோ நேரம் நல்லா தான் இருந்தா. திடீர்னு வழி அடைச்சுக்கிச்சு. நான் வேகமா உறிஞ்சினதுல கிழிஞ்சிடுச்சு, என் தப்பு தான். எடுத்து வைக்க ஒண்ணும் இல்ல, அப்படியே கொட்டிடறேன். மதியத்துக்குள்ள வேற ஒரு சித்தி கிடைக்கறாளான்னு பாக்கணும்."

போன்ல மெசேஜ் போற சத்தம் வந்துச்சு. குறிப்பு விழற சத்தம் வேற, இது வேற. பொடிசு அதைக் கவனிக்கல. அம்மா காலையில அனுப்பின படத்தைப் பாத்துட்டு, வீட்டு க்ரூப்பை மூடாம அப்படியே விட்டுருந்தா, சொன்னதெல்லாம் குறிப்புக்குப் போகாம அங்க போயிடுச்சு. போனை சைலன்ட்ல போட்டு அலமாரியில வச்சுட்டு, உப்புத் தண்ணி மாத்தப் போயிட்டா.

பன்னெண்டே காலுக்கு வந்து போனை எடுத்தா நாப்பத்தி மூணு மிஸ்டு கால்.

க்ரூப்பைத் திறந்தா. முதல்ல அப்பா. ஒரே ஒரு வார்த்தை: 'எப்போ?' அதோட சரி, அதுக்கப்புறம் அவர்கிட்ட இருந்து ஒண்ணுமே இல்ல. அதுக்குக் கீழ அத்தையோட வாய்ஸ் மெசேஜ், பதினாலு, ஒண்ணு கீழ ஒண்ணா தொடுத்து வச்ச மாதிரி. அதுக்கெல்லாம் கீழ, அப்போ தான் தூங்கி எழுந்த மாதிரி மாமா: 'யாரு செத்தது?'

தான் அனுப்பினதைப் பொடிசு இன்னொரு தடவை படிச்சா. அங்கயே தரையில உக்காந்துட்டா.

நடந்தது என்னன்னா, சித்தி அந்த நேரம் கண் டாக்டர்கிட்ட போயிருந்தா. கண்ணுல மருந்து விட்டு மூடி உக்கார வச்சிருந்தாங்க. மடியில போன் அதிருது, அதிருது, நிக்கவே இல்ல. எதுவும் படிக்க முடியாம, பக்கத்துல இருந்த நர்ஸ்கிட்ட நீட்டி, "என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா"ன்னா. நர்ஸ் படிச்சுட்டு, "சித்தி செத்துட்டாங்களாம்"னு மெதுவாச் சொன்னாங்க. சித்தி நெஞ்சுல கை வச்சு, "அய்யோ பாவம், எந்த சித்தி"ன்னு கேட்டா. அதே நேரம் அம்மாவோட போன் வந்துச்சு. அம்மா அழுதுக்கிட்டே, யார் எடுக்கப் போறாங்கன்னு கூடத் தெரியாம அடிச்ச போன். எடுத்தது சித்தி. "அக்கா, யாரோ சித்தி போயிட்டாளாமே, உனக்கு விஷயம் தெரியுமா?"

அம்மாவுக்கு அப்போ தான் விஷயம் புரிஞ்சுது. அப்புறம் பேசினதை எழுத முடியாது.

பொடிசு போன் பண்ணப்ப சித்தி வீட்டுக்கு வந்து, ஈரத் துணியைக் கண்ணுல போட்டுப் படுத்திருந்தா.

"சித்தி," அப்படின்னா பொடிசு.

"யாரு? செத்தவளுக்கெல்லாம் போன் பண்றது யாரு?"

"சித்தி, சாரி சித்தி. அது நீ இல்ல. செல்லு."

"ஏன்டி, என் செல்லு நல்லா தானே இருக்கு, அதுல தானே பேசிக்கிட்டு இருக்கேன்."

"போன் இல்ல சித்தி. எலியோட மூளையில இருக்கற செல்லு. அதுக்கு உன் பேர் வச்சிருந்தேன்."

பொடிசு நகத்தைக் கடிச்சா.

"எலிக்கு," அப்படின்னா சித்தி, "எலிக்கு என் பேர் வச்சியா?"

"எலிக்கு இல்ல, அதோட மூளையில ஒரே ஒரு செல்லுக்கு. நல்ல செல்லு சித்தி. முப்பத்தாறு நிமிஷம் இருந்தா."

"அப்புறம் நீ உறிஞ்சிக் கொன்னுட்ட. அப்படியே கொட்டிடறேன்னு வேற எழுதியிருக்க. மதியத்துக்குள்ள வேற சித்தி பாக்கணும்னு எழுதியிருக்க. ஒரு நாள் கூட துக்கம் இல்லயாடி எனக்கு?"

பொடிசு சிரிச்சா. சிரிக்க ஆரம்பிச்சது எங்கயோ வழி தப்பி அழுகையாப் போயிடுச்சு. நிறுத்தப் பாத்தா, நிக்கல. சித்தி முதல்ல சிரிச்சுக்கிட்டு இருந்தவ, துணியைக் கண்ணுல இருந்து எடுத்துட்டு எழுந்து உக்காந்தா. அது போன்லயே தெரிஞ்சுது.

"பொடிசு. செத்தது எலியோட செல்லு தானே. அதுக்கு எதுக்குடி இப்படி அழற? நான் செத்திருந்தா கூட இவ்ளோ அழமாட்டியே. விஷயம் என்ன, சொல்லு."

அப்போ தான் பொடிசு சொன்னா. ஒரு வருஷம்னு சொன்னா, பத்துன்னு சொன்னா, ஏழுன்னு சொன்னா, ஒன்பது நாள்னு சொன்னா. 'மாதிரி'ங்கற வார்த்தையை வச்சு இவ்ளோ நாள் ஏமாத்தினதையும் சொன்னா. சித்தி குறுக்க பேசல. எல்லாம் கேட்டுட்டு, கொஞ்சம் நிறுத்தி, யோசிச்சு, "சரி, மூணு தானே வேணும்"னா. ஏதோ மூணு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வர்ற மாதிரி.

"அம்மாகிட்ட சொல்லிடாதே சித்தி."

"நான் ஏன் சொல்றேன்? நான் தான் செத்துட்டேனே."

ஒரு மணி நேரத்துல வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

பொடிசு பயந்த மாதிரி யாரும் திட்டல. நடந்தது வேற. மறுநாள் காலையில க்ரூப்பைத் திறந்தா சித்தி ஒரு சட்டம் போட்டிருந்தா: பொடிசுக்கு வேலை நேரத்துல யாரும் போன் பண்ணக் கூடாது, படம் அனுப்பக் கூடாது, பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லக் கூடாது. மாமா அதுக்குக் கீழ பூ படம் போட்டு 'சரி'ன்னாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா, தனித்தனியா, மெதுவா ஆரம்பிச்சாங்க. அப்பா கேட்டது ரெண்டே வார்த்தை: 'என்னுது எப்படி?' பொடிசு, 'அப்பா, உங்களுது தான் கெட்டி, ரெண்டு முழுசா முடிஞ்சிருக்கு'ன்னு அனுப்பினா. அதை அப்பா அத்தனை பேருக்கும் படிச்சுக் காட்டினாராம். நாலு வார்த்தை சேந்தாப்ல அவர் பேசி பல மாசம் ஆச்சுன்னு அம்மா சொன்னா.

அத்தை தான் ரொம்ப நொந்தா. தன்னோட செல்லு ஒண்ணு கூடத் தேறலன்னு கேள்விப்பட்டு, எட்டு நிமிஷ நீளத்துல ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா. சாராம்சம் என்னன்னா: நான் சுறுசுறுப்புங்கறது அந்த எலிக்குக் கூட தெரிஞ்சிருக்கு, அதுல எனக்கு சந்தோஷம் தான், ஆனா பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் எனக்குக் கிடையாது, நீ வேற யாருக்கோ என் பேரை வச்சிருக்க, நல்லாப் பாரு.

"பாத்தியா," அப்படின்னா சித்தி போன்ல. சித்திக்கும் அத்தைக்கும், அதாவது மாமாவோட பொண்டாட்டிக்கும், ஆகாது. மேல் மாடி, கீழ் மாடியில இருந்துக்கிட்டு, மாடிப்படியில எதிர்ப்பட்டா ஒருத்தர் சுவரைப் பாப்பாங்க, ஒருத்தர் கைப்பிடியைப் பாப்பாங்க. "எலி கூட அவளைத் தாங்கல. நீ ஒண்ணு பண்ணு. பத்தாவதுக்கு என் பேரை வை. பாதியில போனவ நான் தான், நான் தான் வந்து முடிச்சுக் கொடுக்கணும். என்ன, வைப்பியா?"

"பாக்கலாம் சித்தி," அப்படின்னா பொடிசு. வச்சுடலாம்னு தான் நினைச்சா.

ஆனா திங்கக்கிழமை மீட்டிங்ல அதுக்கு ஒரு பூட்டு விழுந்துச்சு. பொடிசோட ரெக்கார்டிங் எல்லாம் பெரிய திரையில ஓடுச்சு. ஒவ்வொரு கோட்டுக்கு மேலயும் தமிழ் எழுத்து. லேப் மேடம் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தாங்க.

"இது என்ன, செல்லோட பேரா?"

"ஆமாம் மேடம். இது அப்பா. இது மாமா. அது சித்தி, அம்மாவோட தங்கச்சி." சொல்லச் சொல்லக் காது சூடாச்சு பொடிசுக்கு. ஸ்க்ரூ கீழ குனிஞ்சு எதையோ தேடற மாதிரி சிரிச்சாரு.

"எதை வச்சு இவங்க அப்பா, இவங்க சித்தின்னு முடிவு பண்றே?"

"அடிக்கற விதத்தை வச்சு மேடம். முதல் அரை நிமிஷம் கேட்டாலே தெரிஞ்சிடும்."

மேடம் சிரிக்கல. எழுந்து போயி திரைக்குப் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு அப்பாவா, ஒவ்வொரு மாமாவா பாத்தாங்க. "நீ பேர் வைக்கல. வகை பிரிச்சிருக்கே. எனக்கு அந்த வகை வேணும். இதையெல்லாம் வச்சுத் தான் கணக்குப் போடப் போறேன். அதனால கடைசி வரைக்கும் ஒழுங்கா வை. காதுல கேக்கறதுக்கு வை, ஆசைக்கு வைக்காதே."

ஆசைக்கு வைக்கப் போறான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்னு பொடிசு ரெண்டு நாள் யோசிச்சா.

செவ்வாய்க்கிழமை ஒரு மாமா முடிஞ்சாரு. புதன் ஒண்ணும் இல்ல. வியாழன் மத்தியானம் இன்னொரு அப்பா. ஒன்பது. பாக்கி இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும். மேடம் அஞ்சு மணிக்கு வெளியூர் கிளம்பறாங்க, கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எல்லாம் அதுக்கு முன்னாடி போயாகணும்.

வெள்ளிக்கிழமை காலையில நாலு செல் பிடிச்சா, நாலும் போச்சு. ரெண்டு ஒட்டவே இல்ல. ஒண்ணு ஒட்டி, திறக்கறப்பக் கிழிஞ்சுது. ஒரு சித்தி வந்தா, ஆசையா இருந்துச்சு, பதினோராவது நிமிஷம் போயிட்டா. அதை வீட்டுக்குச் சொல்லல. மதியம் ரெண்டரைக்கு மூளைத் துண்டுங்க வாட ஆரம்பிச்சுது. செல்லெல்லாம் உப்பி, ஓரம் மங்கித் தெரிஞ்சுது. ஸ்க்ரூ வந்து எட்டிப் பாத்து, "கடைசித் துண்டா"ன்னாரு. பொடிசு தலையாட்டினா. அவர் கதவுக்கு வெளியில ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து, நடைபாதையில யாரும் தடதடன்னு நடக்காமப் பாத்துக்கிட்டாரு.

மூணு அஞ்சுக்கு ஓரத்துல ஒண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஊசியை இறக்கினா. ஒட்டுச்சு. உதட்டால ஒரு நூல் அளவு உறிஞ்சினா. திறந்துச்சு. நம்பர் பத்தொன்பது. மூச்சை விடாம லேசாத் தூண்டினா.

டகடகடகடகடகடகடகன்னு அடிச்சுது.

அத்தை.

பொடிசு கண்ணை மூடிக்கிட்டா. சாப்ட்வேர் பேர் கேட்டுக்கிட்டு நின்னுச்சு, பெட்டியில கோடு மின்னி மின்னி. அவளுக்குத் தெரியும், பேருக்கும் ஆயுசுக்கும் சம்பந்தம் இல்ல. சித்தின்னு சொன்னா அது மெதுவா அடிக்கப் போறதில்ல. ஆனாலும் அத்தைன்னு சொல்ல வாய் வரல. அத்தைன்னு சொன்ன எதுவும் தேறினதில்ல. சித்திக்கு வேற சொல்லியாச்சு. யார் வந்து பாக்கப் போறாங்க, ஒரு வார்த்தை தானே. ஆனா காதுல கேக்கறது என்னவோ சித்தி இல்ல. சித்தியா இருந்தா இந்நேரம் ரெண்டு தடவை நிறுத்தி யோசிச்சிருப்பா. இது முடிச்ச வாக்கியத்துக்கும் ஆரம்பிக்கற வாக்கியத்துக்கும் நடுவுல இடமே விடாத ஆளு.

"அத்தை," அப்படின்னா பொடிசு. பெட்டியில விழுந்துச்சு. பட்டன் பச்சையாச்சு. ஓட விட்டா.

முதல் பத்து நிமிஷம் ஒரு பிரச்சனையும் இல்ல. பொடிசு இந்தத் தடவை நல்லாப் பாத்து, வேணும்னே வீட்டு க்ரூப்பைத் திறந்து, ஒரே ஒரு வரி சொன்னா: "கடைசி ஒண்ணு ஓடுது. அத்தை. மன்னிச்சுக்கோ சித்தி." சொல்லிட்டு மறுபடி குறிப்புப் பக்கத்துக்கு மாத்தி, ரெண்டு தடவை சரிபாத்தா.

பதினெட்டாவது நிமிஷம் நம்பர் இருபத்திரெண்டு. இருபத்திநாலாவது நிமிஷம் இருபத்தஞ்சு. எல்லா அத்தையும் போன இடம் இது தான். பொடிசோட முதுகுல வேர்வை ஒரு கோடா இறங்குச்சு. குமிழை ஒரு மயிரிழை பின்னால இழுத்தா. இருபத்தஞ்சுலயே நின்னுச்சு. உறிஞ்சக் கூடாது, உறிஞ்சக் கூடாதுன்னு குழாயை வாயில இருந்து எடுத்துக் கீழ போட்டா. வாய் சும்மா ஆயிடுச்சு. சும்மா இருந்த வாய் பேச ஆரம்பிச்சுது. போன் எதிர்ல நிக்கறது அவளுக்கு மறந்தே போச்சு.

முப்பதாவது நிமிஷம் இருபத்தேழு. முப்பத்திநாலுல இருபத்தெட்டு. ஸ்பீக்கர்ல சத்தம் கொஞ்சம் தேஞ்சுது, ஆனா நிக்கல. முப்பத்தெட்டாவது நிமிஷம் இருபத்தொன்பது புள்ளி நாலு. கதவுல ஸ்க்ரூவோட தலை தெரிஞ்சுது. உள்ள கால் வைக்காம, அங்கயே நின்னு, காதுல இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. இருபத்தொன்பது புள்ளி ஆறு. புள்ளி ஆறு. புள்ளி ஆறு. புள்ளி அஞ்சு.

நாப்பது. சாப்ட்வேர் தானா நின்னுச்சு. மொத்தத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு, சின்னதா ஒரு பச்சைப் பெட்டி காட்டுச்சு. வாழ்த்தெல்லாம் சொல்லத் தெரியாத சாப்ட்வேர்.

மேடம் மேல் கோட்டு மாட்டிக்கிட்டு, பெட்டியை இழுத்துக்கிட்டு வந்தப்ப பொடிசு அப்படியே உக்காந்திருந்தா. திரையைப் பாத்தவங்க நின்னுட்டாங்க. கோட்டுக்கு மேல ஒரு நிமிஷத்துக்கு ஒரு குறிப்பு, வரி வரியா தமிழ்.

"இவ்ளோ என்ன எழுதியிருக்கே?"

பொடிசு அப்போ தான் பாத்தா. தான் வாய்விட்டுப் பேசினது அத்தனையும் நேரத்தோட பதிஞ்சிருக்கு. அழிக்கவும் முடியாது. வேற வழியில்லாம படிச்சுச் சொன்னா.

"இருபத்தேழாவது நிமிஷம், 'அத்தை, போகாதே.' முப்பத்தொன்னு, 'நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல.' முப்பத்திமூணு, 'நீ பேசு, எவ்ளோ வேணும்னாலும் பேசு, நான் கேக்கறேன்.' முப்பத்தாறு..." அங்க தயங்கினா.

"முப்பத்தாறு?"

"'போன வாரம் நீ போன் பண்ணப்ப பாத்ரூம்ல இருந்தேன்னு சொன்னது பொய்.'"

மேடம் உதட்டை உள்ள இழுத்துக் கடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சுவரைப் பாத்தாங்க. அப்புறம் பையில இருந்து பேனாவை எடுத்தாங்க. "எந்த நிமிஷத்துல என்ன நடந்துச்சுன்னு சரியாத் தானே இருக்கு," அப்படின்னு சொல்லி, மைக்ராஸ்கோப் மேசையைத் தொடாம, கதவுல காகிதத்தை வச்சுக் கையெழுத்துப் போட்டாங்க. "அடுத்த வருஷம் இருபது வேணும்"னு சொல்லிட்டுப் போனாங்க. பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற அதே குரல்.

பொடிசு போனை எடுத்து, "பத்து. கையெழுத்து ஆச்சு"ன்னா. வீட்டு க்ரூப்புக்கு அனுப்பினா. முதல்ல வந்தது சித்தியோட மெசேஜ்.

"எனக்குத் தெரியும்டி. உன் அத்தை நிறுத்தமாட்டா. இருபத்தெட்டு வருஷமாப் பாக்கறேன், ஒரு தடவை கூட நிறுத்தினதில்ல. இரு, மேல போயி சொல்லிட்டு வரேன், அவளுக்கு நெட் வரல போலிருக்கு."

சித்தி மாடியேறிப் போறாங்கறதைப் பொடிசு ரெண்டு தடவை படிச்சா.

மேல நெட் வந்துடுச்சு போலிருக்கு. அடுத்த நிமிஷம் வரிசையா விழ ஆரம்பிச்சுது அத்தையோட வாய்ஸ் மெசேஜ். மூணு, ஆறு, பத்து. பொடிசு முதல்ல இருந்து ஓட விட்டா, ஒண்ணைக் கூடத் தள்ளாம. ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தா. ஊசி இன்னும் உள்ள தான் இருந்துச்சு. ஒரு பக்கம் அந்த அத்தை டகடகன்னு, ஒரு பக்கம் இந்த அத்தை, அதுக்குப் பின்னாடி சித்தியோட குரல், "கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்க அண்ணி, அவளுக்குப் புரிய வேண்டாமா"ன்னு.

ஸ்க்ரூ விளக்கையெல்லாம் அணைச்சுட்டு வீட்டுக்குக் கிளம்ப வந்து நின்னாரு. கொஞ்ச நேரம் கேட்டாரு.

"இது எப்போ முடியும்?"

"எதைக் கேக்கறீங்க?" அப்படின்னா பொடிசு.